மாப்பிள்ளைக்குக் காய்ச்சிய எண்ணெய்

ஓய்வெடுப்பதைப் போலக் களைப்பைத் தரும் வேலை வேறொன்றில்லை என்பது எனக்கு ஜப்பான்காரன் காலத்துத் தீபாவளி ஒன்றில் தெரியவந்தது. அன்று ஒருநாள் மட்டும் நான் சும்மா இருக்க வேண்டும் என்று என் மனைவியும் கங்காணியும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரும் கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சும்மா இருக்க எனக்கு நேரமில்லை என்று சொல்லியிருப்பேன்.

எங்களுடையது மலாயாவில், கோலா பிலாவிலிருந்து பகாவ் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம். நான் அங்கே கிராணி. கிராணி என்றால் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவன். யாரோ இட்ட கட்டளையை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்கிறவன். கட்டளையிடுகிற வேலை எனக்குப் பழக்கமில்லை. சண்டை நெருங்கி வந்தபோது வெள்ளைக்கார துரை ஒரு காலை தம் நாய்க்குட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு காரேறிச் சிங்கப்பூர்ப் பக்கம் போனார். போகும்போது பங்களாச் சாவியை என் கையில் கொடுத்து, "பார்த்துக்கொள்" என்றார். எதை என்று சொல்லவில்லை. பின்னால் வந்த ஜப்பானியர்கள் சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்த்தார்கள். என் கையில் இருந்தது. அப்படித்தான் நான் தோட்டத்துக்குத் தலைவன் ஆனேன்.

அதற்குப் பிறகு எல்லாம் என்னிடம்தான் வந்தது. விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லாரையும் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கிற கிழக்கே பார்த்து நிற்க வைத்துக் குனிய வைக்க வேண்டும். பால்மரத்தை வெட்டித் தள்ளிவிட்டு மரவள்ளி நட வேண்டும். அரிசி எப்போது வரும் என்று கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைப் போன்ற முகத்தோடு பதில் சொல்ல வேண்டும். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு லயத்துக் கோழி இன்னொரு லயத்தில் முட்டையிட்டால், முட்டை யாருக்கு என்பதையும் நானே தீர்க்க வேண்டும். அரிசி இல்லாத காலத்தில் முட்டை சின்ன விஷயமில்லை. ஒருமுறை இரண்டு தரப்பும் கோழியையே சாட்சிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

என் கை எப்போது ஆட ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. காப்பித் தம்ளரும் வட்டகையும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தபோதுதான் கவனித்தேன். காப்பி என்று பழக்கத்தில் சொல்கிறேன். அது வறுத்த மக்காச்சோளத் தூள். அதைக் குடித்துக் கை நடுங்கியது என்று யாரும் சொல்ல முடியாது. அதில் நடுங்க வைக்கிற அளவுக்கு ஒன்றும் கிடையாது.

டிரசர் கையைப் பிடித்துப் பார்த்தார். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியை அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

"மருந்து ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"மருந்தலமாரியில கரப்பான்பூச்சி இருக்கு சார். வேணும்னா தரேன். உங்களுக்கு வேண்டியது ஓய்வு."

"ஓய்வுக்கு எங்க போறது?"

"அதுவும் ஸ்டாக்குல இல்ல."

நடுக்கத்தைவிட மோசமானது அதை எல்லாரும் பார்த்ததுதான். வானத்தைப் பார்த்து மழை வருமா என்று சொல்வதைப் போல, லயத்து ஜனங்கள் என் கையைப் பார்த்து நாள் எப்படியிருக்கும் என்று கணித்தார்கள். பெரட்டில் என் காதுபடவே பேசிக்கொள்வார்கள்: "இன்னிக்கு எப்படிடி இருக்கு ஐயா கை?" "நேத்தைக்கு இன்னிக்குத் தேவல. ஆனா வலது கை கொஞ்சம் வேகமா இருக்கு." "அப்ப லாரி வரும்போல."

அந்த லாரிதான் விஷயம்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வட்டாரத்துக்குப் பொறுப்பான ஜப்பானிய அதிகாரி காரில் வருவார். பின்னால் லாரி வரும். அந்த அதிகாரி எப்போதும் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டே பேசுவார். தோட்டத்தில் அவருக்குப் 'பல்வலி துரை' என்று பெயர். பல்வலி துரை வந்து, "இங்கே எத்தனை ஆள் அதிகம்?" என்று கேட்பார். நான், "யாரும் அதிகமில்லை துவான். மரவள்ளி நட ஆள் போதவில்லை," என்று சொல்ல வேண்டும். துவான் என்றால் மலாயில் ஐயா. மரவள்ளி அவர்களுக்கும் வேண்டும் என்பதால் அந்தப் பதிலுக்கு ஒரு மதிப்பு இருந்தது. ஆனால் சென்ற தடவை நான் அதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"பொய் சொல்கிறவன் கைதான் ஆடும்," என்றார், எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்த உடைந்த மலாயில். "அடுத்த முறையும் ஆடினால், நீ சொல்வதைக் கேட்கமாட்டேன். நானே பார்த்து ஏற்றிக்கொள்வேன்."

அன்றிலிருந்து என் கை தோட்டத்துச் சொத்தாகிவிட்டது. அது நின்றால் யாரும் லாரி ஏற வேண்டாம். இப்படிச் சொன்ன பிறகு எந்தக் கைதான் நிற்கும்?

இந்த நேரத்தில்தான் தீபாவளி வந்தது. சாதாரணத் தீபாவளி இல்லை. என் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் ஆகியிருந்தது; அதனால் தலைதீபாவளி. மாப்பிள்ளை பகாவுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். நல்ல உயரம், நல்ல தோள். பெண் பார்க்கிறபோது எனக்குப் பிடித்திருந்த அந்தத் தோள்களை இப்போது எங்கே மறைப்பது என்று யோசித்தேன். அவர் எங்கள் தோட்டத்து ஆளில்லை. மரவள்ளி நட அவர் வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. பல்வலி துரை கண்ணில் பட்டால் அவர்தான் உண்மையிலேயே 'அதிகமான ஆள்'.

"இந்த வருஷம் கூப்பிட வேண்டாமே," என்றேன் மனைவியிடம்.

"தலைதீபாவளிக்குக் கூப்பிடலேன்னா சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாங்க?"

"ஜப்பான்காரன் என்ன நெனப்பான்னு நான் பயந்துகிட்டு இருக்கேன்."

"அவனா நமக்குச் சம்பந்தி?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுடைய வாதங்கள் எப்போதும் அடுப்படியில் முடியும். அங்கே எனக்கு அதிகாரமில்லை.

மகள் முன்னதாகவே வந்திருந்தாள்; மாப்பிள்ளை முந்தின நாள் மாலையே வந்துவிட்டார். வந்தது சைக்கிளில். ஊரெல்லாம் ரப்பர் மரம், சைக்கிளுக்குப் போட ஒரு டயர் கிடையாது. மரப்பட்டையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலைத் திரித்துச் சக்கரத்தில் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார். இறங்கியபின்னும் சிறிது நேரம் அவர் உடம்பு குலுங்கிக்கொண்டே இருந்தது. எனக்கு ஒரு நெருக்கம் ஏற்பட்டது.

அன்று மாலை மனைவி எனக்குச் சட்டம் போட்டாள்.

"நாளைக்கு ஆபீசு கிடையாது. பஞ்சாயத்து கிடையாது. யாரு செத்தாலும் பொழச்சாலும் கங்காணி பாத்துக்குவாரு. எண்ண தேச்சிக் குளிக்கணும், சாப்பிடணும், சும்மா இருக்கணும். ரோட்டப் பாக்கக் கூடாது."

"ரோட்டப் பாக்காம எப்படி?"

"வேற எதையாவது பாருங்க. வீட்டுல நாங்க இல்ல?"

பண்டிகைக்கு ஒருநாள் விடுமுறை தரலாம் என்று பல்வலி துரையே சொல்லியனுப்பியிருந்தார். அந்த நாளில் அவரும் வரமாட்டார் என்று நாங்களாக எடுத்துக்கொண்டோம். அவர் அப்படிச் சொல்லவில்லை.

இருட்டில் வெளியே அடுப்பு வெளிச்சம் தெரியக் கூடாது என்று உத்தரவு இருந்ததால், எங்கள் தீபாவளிக் குளியல் அந்த வருஷம் விடிந்த பிறகுதான். கண் விழித்தபோது ஏதோ குறைந்தது. யோசித்துப் பார்த்தேன். பெரட்டு மணி அடிக்கவில்லை. எங்கள் மணி என்பது ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டு. காலையில் அதைத்தான் அடிப்பார்கள். கார் வந்தாலும் அதைத்தான் அடிப்பார்கள்.

"விடுமுறைன்னாலும் மணி அடிப்பாங்களே?" என்று கேட்டேன்.

"சாக்கு சுத்தியாச்சு," என்றாள் மனைவி. "அந்தச் சத்தம் கேட்டாத்தான உங்களுக்குப் படபடப்பு? நேத்தே கங்காணிகிட்டச் சொல்லி நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லிட்டேன்."

"கார் வந்தா?"

"நல்ல நாள்ல எவன் வர்றான்? பல்லு வெளக்குங்க."

பல் விளக்கினேன். அதற்குள் என் ஓய்வு பற்றிய செய்தி லயமெல்லாம் பரவிவிட்டது. முதலில் கங்காணி வந்தார். பெரிய மீசை, பெரிய தொண்டை. வாசலில் நின்று, "ஐயா, ஓய்வா இருக்கீங்களா?" என்று கூவினார்.

"இருக்கேன் கங்காணி."

"நல்லா இருங்க ஐயா. யாரையும் கிட்ட விடமாட்டேன். ஒரு கொசு வராது." போனார். நான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியதும் திரும்பி வந்தார். "ஐயா, இப்ப எப்படி இருக்கு?"

யாரையும் கிட்ட விடாமல் காவல் காக்கிறேன் என்பதைச் சொல்லவே அவர் அடிக்கடி கிட்ட வந்தார்.

அடுத்து மேட்டு லயத்திலிருந்து ஒரு பெண் எனக்குச் சுற்றிப்போட வந்தாள். உப்பும் மிளகாயும் வேண்டும். உப்பை என் மனைவி அப்போது நகையைப் போல வைத்திருந்தாள். "சுத்திட்டுத் திருப்பிக் குடுத்துடணும்," என்றாள். "சுத்துன உப்ப அடுப்புல போடணும்மா, கொழம்புல போடக் கூடாது," என்றாள் வந்தவள். கடைசியில் உப்பில்லாமல் மிளகாய் மட்டும் சுற்றப்பட்டது. மிளகாய் நெருப்பில் விழுந்ததும் வீடே இருமியது. "பாத்தீங்களா, எவ்வளவு கண்ணு!" என்று அவள் திருப்தியோடு போனாள்.

டிரசர் வந்தபோது நான் உண்மையிலேயே களைத்திருந்தேன். அவர் மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவதாகச் சொன்னார். எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

"மூச்ச மெதுவா உள்ள இழுங்க சார். இன்னும். இன்னும். அப்படியே நிறுத்துங்க. நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது."

நிறுத்தினேன். அந்த நேரம் என் மனைவி ஒரு பீர் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். டிரசர் திரும்பிப் பார்த்தார். "அம்மா, அது நல்லெண்ணையா?" "ஆமா தம்பி. சண்டைக்கு முந்தி வாங்குனது." "அடடா! நல்லெண்ண பாத்து எவ்வளவு நாளாச்சு! கொஞ்சம் மோந்து பாக்கலாமா?" முகர்ந்து பார்த்தார். அதைப் பற்றிப் பேசினார்கள். எள்ளைப் பற்றிப் பேசினார்கள். நான் கையை ஆட்டினேன். கை ஏற்கெனவே ஆடுகிற கை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. என் மகள்தான், "ஐயோ, அப்பா மொகம் நீலமாயிருச்சு!" என்று கத்தினாள்.

நல்லெண்ணெய் பாதிப் போத்தல்தான் இருந்தது. அது மாப்பிள்ளைக்கு. மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சி, சின்னக் கிண்ணத்தில் ஊற்றி மூடி வைத்தாள். எனக்குச் செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில். அந்தக் காலத்தில் சமையல், விளக்கு, சோப்பு எல்லாவற்றுக்கும் அதுதான். அதன் நிறம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நன்றாகப் பழுத்த பப்பாளி. தலையிலும் உடம்பிலும் தேய்த்து முடித்தபோது காவி கட்டாமலே நான் சாமியார் ஆகியிருந்தேன்.

வீட்டுக்குப் பின்னால், வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு மணைப்பலகை போட்டிருந்தார்கள். தொட்டி என்பது பழைய எண்ணெய்ப் பீப்பாய். அடியில் ரப்பர் விறகு எரிந்தது. ஒரு பலகையில் கோவணத்தோடு நான் ஊறிக்கொண்டிருந்தேன். கோலம் போட்ட இன்னொரு பலகை மாப்பிள்ளைக்கு. அவர் துண்டைக் கட்டிக்கொண்டு கூச்சத்தோடு வந்து நின்றார். மாமனார் எதிரே கோவணத்தோடு உட்காருவது எந்த மாப்பிள்ளைக்கும் எளிதில்லை. மாமனார் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் இன்னும் கஷ்டம்.

"ஒக்காருங்க மாப்ள," என்றேன். அந்தக் கணம் எனக்கு மனம் லேசாக இருந்தது. விறகுப் புகையும் எண்ணெய் வாசமும். நான் ரோட்டைப் பார்க்கவில்லை. ஓய்வு என்பது இதுதானோ என்று முதல்முறையாகத் தோன்றியது.

முன்வாசலில் கார்க் கதவு அறையும் சத்தம் கேட்டது.

நடந்ததைக் கங்காணி பிறகு சொன்னார். காரைப் பார்த்ததும் ஓடிப்போய்ச் சுத்தியலால் மணியை அடித்திருக்கிறார். தலையணையை அடித்ததைப் போலப் 'பொத்து, பொத்து' என்றிருக்கிறது. சாக்கைப் பிரிக்கப் பார்த்தால், இறுக்கிக் கட்டியவர் அவரே.

என் மனைவி அடுப்படி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். மாமியார் மாப்பிள்ளையைத் தொட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"பொகக் கொட்டாய்க்கு ஓடுங்க! உள்ள போயிக் கதவச் சாத்திக்குங்க! இருமாதீங்க!"

ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்துகிற கொட்டகை வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவில் இருந்தது. முந்தின நாள் ஷீட்டுகளுக்கு உள்ளே புகை மூட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை துண்டைப் பிடித்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே மறைவதற்கும், பல்வலி துரை வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வருவதற்கும் சரியாக இருந்தது.

எழுந்து குனிந்து வணங்கினேன். பலகை வழுக்கியது. என் கைகள், வஞ்சனையில்லாமல், இரண்டும் ஆடின.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கண் சிவந்திருந்தது, தூங்காதவன் கண். வழக்கம் போலத் தாடையைப் பிடித்திருந்தார்.

"நீ ஏன் இந்த நிறம்?"

"இன்று எங்கள் பண்டிகை, துவான். எண்ணெய் தேய்த்துக் குளிப்போம். உடம்புக்கு நல்லது. சூடு போகும். தலைக்கு நல்லது. நரம்புக்கு நல்லது." நிறுத்தத் தெரியாமல் நல்லதை அடுக்கிக்கொண்டே போனேன்.

அவர் கண் கோலம் போட்ட பலகைக்குப் போனது. அதன் பக்கத்தில் மூடி வைத்த கிண்ணம்.

"இது யாருக்கு?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் புகைக் கொட்டகையில் இருந்தது. என் கை போட்ட ஆட்டத்தில் விரல் நுனியிலிருந்து எண்ணெய் தெறித்து அவர் பூட்ஸில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். சென்ற தடவை சொன்னதை நினைத்துக்கொள்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"துவானுக்கு," என்று என் வாய் சொன்னது.

நான் சொல்ல நினைக்கவில்லை. வாயும் கையும் அப்போது என் கட்டுப்பாட்டில் இல்லை.

அடுப்படி வாசலில் நின்ற மனைவிக்கு மலாய் புரியும். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் கரண்டி ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது.

பல்வலி துரை பலகையைப் பார்த்தார். ஆவி பறக்கும் பீப்பாயைப் பார்த்தார். கையை ஆவியில் நீட்டினார். அவர்கள் வெந்நீரில் கழுத்துவரை உட்கார்ந்து குளிப்பார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். அந்த ஆவிக்கு முன்னால் அவர் முகம் மாறியது. தொலைவில் யாரோ கூப்பிட்டதைக் கேட்டவர் மாதிரி இருந்தார்.

"மண்டி?" என்றார். மலாயில் 'குளியலா' என்று கேட்கிறார்.

"மண்டி, துவான்."

அவர் தொப்பியைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றினார். வாளை எங்கே வைப்பது என்று யோசித்து, விறகுக் குவியல்மேல் வைத்தார். மடமடவென்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மாப்பிள்ளைப் பலகையில், கோலத்தின் மேல், சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் கிண்ணத்த எடுத்துக் குடு," என்றேன் மனைவியிடம்.

"அது மாப்ளைக்கு," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு, தமிழில்.

"இப்ப இவருதான் மாப்ள. தேய்க்கணும்."

"நான் தேய்க்கமாட்டேன்."

"நான் தேய்க்கிறேன்."

நான்தான் தேய்த்தேன். முதல் கை எண்ணெயை அவர் உச்சியில் வைத்ததும் அவர் தோள் இறுகியது. வெட்டப் போகிற கோடாரிக்குக் காத்திருக்கிற மரம் மாதிரி இருந்தார். என் கைகள் தம் பாட்டுக்கு ஆடின. அப்போதுதான் அந்த ஆச்சரியம் நடந்தது. ஆடுகிற கையைத் தலையில் வைத்தால், அது ஆடுகிற கையாகத் தெரியவில்லை. தேய்க்கிற கையாகத் தெரிந்தது. வேலைக்கென்றே செய்த கருவி போல விரல்கள் படபடவென்று மண்டையில் ஓடின. நான் ஒன்றுமே செய்யவில்லை. பயம் செய்தது.

"பாகூஸ்," என்றார் அவர் மெதுவாக. நன்று என்று அர்த்தம்.

பிடரிக்கு வந்தேன். பாறை மாதிரி இருந்தது. தாடை மூட்டுக்கு வந்தேன். அங்கே பல்வலி ஒன்றும் இல்லை. பல்லைக் கடித்துக் கடித்தே இறுகிப்போன தசை. அவருக்கும் மேலே யாரோ ஒருவர், 'எத்தனை ஆள்' என்று கேட்கிறவர் இருந்திருக்க வேண்டும். எனக்கு இரக்கம் வந்ததா என்று பிறகு மகள் கேட்டாள். இல்லை. பயம் இருந்த இடத்தில் வேறெதுவும் நுழைய வழியில்லை. ஆனால் அந்த முடிச்சு எனக்குத் தெரிந்த முடிச்சு. என் தாடையிலும் அது இருந்தது.

அவர் பீப்பாயில் இறங்கிக் கழுத்துவரை உட்கார்ந்தார். பாகூஸ், பாகூஸ் என்று ஆவிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. அடியில் விறகைத் தள்ளுவதா இழுப்பதா என்று, அதற்குள் ஓடி வந்திருந்த கங்காணி என்னைப் பார்த்தார். "இழு, இழு," என்று ஜாடை காட்டினேன். ஜப்பானிய அதிகாரியை அவித்த தோட்டம் என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

ஏறி வந்து துடைத்துக்கொண்டு, உடுப்பைப் போட்டு, சட்டைப் பித்தானைப் போடாமலே என் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்காகப் போட்ட நாற்காலி அது. உட்கார்ந்ததும் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. வாய் திறந்தது. குறட்டை வந்தது.

நாங்கள் நின்றோம். முன்னே லாரி நின்றது. லாரி ஓட்டி வந்த மலாய்க்காரர் அதற்கு அடியில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். லயத்துப் பெண்கள் கொடுத்த மரவள்ளி மாவு அதிரசம் அந்த மாதிரியானது. சாப்பிட்டால் எழுந்திருக்கத் தோன்றாது. லாரி ஆட்களைக் கொண்டுபோய் ஏற்ற வேண்டிய ரயிலுக்குப் பகாவ் ஸ்டேஷனில் நேரமாகிக்கொண்டிருந்தது.

"எழுப்புங்க," என்றாள் மனைவி.

நான் என் காதை நம்பவில்லை. "என்ன?"

"எண்ண தேச்சிக் குளிச்சிட்டுப் பகல்ல தூங்கக் கூடாது. ஜன்னி வரும். நாளைக்கு அவனுக்குக் காய்ச்சல் வந்தா, எண்ணையில என்னமோ கலந்துட்டோம்பான்."

"அம்மா, தூங்கட்டும்மா," என்று கங்காணி கையெடுத்துக் கும்பிட்டார். "அவன் தூங்குற வரைக்கும் யாரும் லாரி ஏற வேணாம்."

"அதுக்காக? தெரிஞ்சே ஒரு மனுசனத் தூங்க விடுறதா? நல்லெண்ண வேற."

வழக்கத்துக்கும் லாரிக்கும் நடுவே அவள் உண்மையாகவே தவித்தாள். கடைசியில் ஒரு சமாதானம் கண்டாள். சுக்கு தட்டிப் போட்டுச் சோளக் காப்பியைக் கொதிக்க வைத்தாள். எழுந்ததும் கொடுத்தால் ஜன்னி வராதாம். அது கொதித்துக்கொண்டே இருந்தது. புகைக் கொட்டகையிலிருந்து நடுவில் ஒரு இருமல் கேட்டது. உடனே கங்காணி இருமினார். மகள் இருமினாள். நானும் இருமினேன். அதிகாரி புரண்டு படுத்தார்.

வெயில் மேற்கே சாய்ந்த பிறகு அவர் கண் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், துள்ளி எழுந்தார். சட்டைப் பித்தான்களைப் போடப் பார்த்தார். பித்தான் ஓட்டைக்குப் போகவில்லை. விரல்கள் ஆடின.

நான் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கையை எனக்குத் தெரியும். பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

சுக்குக் காப்பித் தம்ளரை வட்டகையில் வைத்து நீட்டினேன். சத்தமே இல்லை. வாங்கியதும் அவர் கையில் அது கிணுகிணுத்தது. அவர் என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் கை யாருடைய கையோ போல அசையாமல் நின்றது. பகலெல்லாம் ஆடிக் களைத்திருந்திருக்கலாம். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

"இங்கே எத்தனை ஆள் அதிகம்?" என்றார். குரலில் பழைய அதட்டல் இல்லை.

"யாரும் அதிகமில்லை துவான். மரவள்ளி நட ஆள் போதவில்லை."

கை நின்றது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நின்றது. பிறகு அவர் தலையசைத்துக் காப்பியைக் குடித்து முடித்தார்.

"இன்று நான் இங்கே தூங்கவில்லை," என்றார்.

"இல்லை துவான். துவான் தூங்கவில்லை."

எண்ணெய் வைத்த வீட்டிலிருந்து வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று மனைவி நாலு அதிரசத்தை வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள். கோபம் போகவில்லை, இருந்தும் கொடுத்தாள். கார் போனது. பின்னால் லாரி வெறுமையாகக் கடகடத்துக்கொண்டு போனது. வளைவில் அது மறைந்ததும் என் கை மறுபடி ஆட ஆரம்பித்தது.

நான் இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் அந்த லாரி வேறு நாட்களில், வேறு தோட்டங்களில், வெறுமையாகப் போகவில்லை. மழைக்குப் பிறகு எங்கள் தோட்டத்துக்கும் இன்னோர் அதிகாரி வந்தார். அவர் கையையும் பார்க்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. போனவர்களில் திரும்பி வந்தவர்கள் சிலர்தான். இப்போதும் ரோட்டில் ஒரு லாரி வேகம் குறைத்தால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். ஓய்வெடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குச் சாக்கு சுற்றிய மணி ஞாபகம் வருகிறது.

அன்று மாலைக்குத் திரும்புகிறேன். புகைக் கொட்டகைக் கதவைத் திறந்ததும் மாப்பிள்ளை வெளியே வந்தார். கண் சிவந்து, மேலெல்லாம் பழுப்பேறி, முதல்தரமான ஷீட் போல இருந்தார். மகள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"வாங்க மாப்ள, ஒக்காருங்க," என்று மனைவி கோலம் அழிந்த பலகையைக் காட்டினாள். கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். "நல்லெண்ண ஜப்பானுக்குப் போயிருச்சு. செம்பனைதான் இருக்கு. கோச்சுக்காதீங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அந்த மாப்ளைக்கு மட்டும் அப்படித் தேச்சீங்க. இவருக்கும் தேய்ங்க."

மாமனார் மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைக்கிற வழக்கம் எங்களில் இல்லை. அன்று வைத்தேன். புகை படிந்த தலையில் கையை வைத்ததும் அது தன் வேலையைத் தானே தொடங்கியது. நிறுத்திக்கொள்ளலாமா என்று நான் ஒரு கணம் தயங்கினேன்.

"மாமா," என்றார் மாப்பிள்ளை, கண்ணை மூடியபடி, "கைய எடுக்காதீங்க. நல்லாருக்கு."

"தூங்க விட்றாதீங்க!" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஜன்னி வரும்!"